சிலைகள் இடம் மாறும் நாடு: அல்பேனியப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, டிரானா

அல்பேனியத் தலைநகர் டிரானாவின் நடுவில் ஸ்கந்தர்பெக் சதுக்கம். ஒட்டோமான் துருக்கியரை எதிர்த்து நின்ற பதினைந்தாம் நூற்றாண்டு வீரர் அவர். குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஸ்கந்தர்பெக்கின் வெண்கலச் சிலையை, அவர் இறந்து 500 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1968-இல் வைத்தார்கள். அதற்கு முன்பு அதே இடத்தில் ஸ்டாலின் நின்றார். 1988-இல் அதே சதுக்கத்தில், நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவுக்கு ஒரு பெரிய சிலை எழுந்தது. 1991 பிப்ரவரி 20 அன்று மக்கள் திரண்டு வந்து அதை இழுத்துத் தள்ளினார்கள். மூன்று ஆண்டுகூட அது நிற்கவில்லை.

அல்பேனியாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்காக வருகிறார்கள், இல்லையென்றால் வடக்கே மலையேற. எனக்கு அதுவும் பிடிக்கும், ஆனால் இந்த முறை ஆட்களைத் தேடி வந்தேன். 2023 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 24 லட்சம் பேர்தான் வாழ்கிறார்கள். நம் ஊரில் ஒரு பெரிய மாவட்டம் அவ்வளவு இருக்கும். இந்தச் சின்ன நாட்டிலிருந்து உலகம் அறிந்த எழுத்தாளர், ஓபரா பாடகிகள், கால்பந்து வீரர்கள், ஒரு புனிதர் என்று எத்தனை பேர்! அவர்களில் யாருக்கு எப்போது சிலை வைத்தார்கள், யாருடைய பெயரை அழித்தார்கள், யாருடைய எலும்பை எங்கே கொண்டுபோனார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் நாட்டின் நூறாண்டுக் கதையும் வந்துவிடும் என்று தோன்றியது.

சதுக்கத்தின் ஓரத்தில் எத்தெம் பே மசூதி. சின்னது, உள்ளே சுவரெல்லாம் மரமும் அருவியும் பாலமும் வரைந்த ஓவியங்கள். 1967-இல் ஹோஜா மதத்தையே தடை செய்தபோது இதையும் மூடினார்கள். 1991 ஜனவரி 18 அன்று ஆயிரக்கணக்கானோர் அனுமதி கேட்காமல் உள்ளே போய்த் தொழுதார்கள். காவலர்கள் தடுக்கவில்லை. சிலை விழுந்தது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான்.

அங்கிருந்து தெற்கே அகன்ற சாலையில் நடந்தால் பிரமிடு வருகிறது. ஹோஜா இறந்தது 1985 ஏப்ரலில். அவருக்கு நினைவு அருங்காட்சியகமாக 1988 அக்டோபரில் இதைத் திறந்தார்கள். வடிவமைத்த கட்டடக் கலைஞர்களில் அவருடைய மகள் ப்ரன்வேராவும் மருமகனும் உண்டு. ஆட்சி போன பிறகு மாநாட்டு அரங்கம், 1999 கொசோவோ போரின்போது நேட்டோவின் தளம், அப்புறம் பல ஆண்டு கேட்பாரற்ற கட்டடம். சாய்ந்த கான்கிரீட் சுவரில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுவார்களாம். 2023-இல் புதுப்பித்தபோது அந்தச் சரிவுகளிலேயே படி கட்டிவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் உச்சிவரை ஏறலாம். உள்ளே பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினியும் அனிமேஷனும் சொல்லித் தருகிறார்கள். மாலையில் நான் ஏறியபோது படியெல்லாம் பள்ளி மாணவர்கள். ஒரு பெண் மடிக்கணினியை முழங்காலில் வைத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். சர்வாதிகாரியின் நினைவு மண்டபத்துக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது.

திங்கள், டிரானா

காலையில் பூங்காவுக்குப் போனேன். செயற்கை ஏரியை ஒட்டிய பெரிய பூங்கா. அங்கே ஃப்ராஷரி சகோதரர்களின் சமாதி இருக்கிறது.

இந்தக் குடும்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தெற்கே ஃப்ராஷர் என்ற மலைக் கிராமத்தில் பிறந்த மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் அப்துல் அரசியல்காரர். 1878-இல் ப்ரிஸ்ரனில் கூடிய அல்பேனியத் தலைவர்களின் அமைப்பில் முன்னணியில் நின்றவர், ஒட்டோமான் அரசு அவரைச் சிறையில் தள்ளியது. நடுவர் நயீம் தேசியக் கவிஞர். ஆடு மாடு, வயல், மலை என்று விவசாயியின் வாழ்க்கையை அல்பேனிய மொழியில் பாடினார். அந்த மொழியில் பள்ளி நடத்தவே சண்டை போட வேண்டியிருந்த காலம் அது. இளையவர் சாமி மொழி அறிஞர். அல்பேனிய எழுத்து வடிவத்துக்காக உழைத்தவரும் அவரே, துருக்கி மொழிக்கு மிக முக்கியமான அகராதியைத் தொகுத்தவரும் அவரே. இரண்டு நாடும் அவரைச் சொந்தம் கொண்டாடுகின்றன. அப்துலும் நயீமும் இந்தப் பூங்காவில் இருக்கிறார்கள், சாமி இஸ்தான்புல்லிலேயே இருக்கிறார். சாமியின் மகன் அலி சாமி யென்தான் 1905-இல் கலாதாசராய் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கியவர். அரசியல், கவிதை, அகராதி, கால்பந்து எல்லாம் ஒரே வீட்டிலிருந்து! கலாதாசராய் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

மதியம் 'இலைகளின் வீடு' அருங்காட்சியகம். கொடி படர்ந்த அழகான இரண்டு மாடி வீடு. 1931-இல் மகப்பேறு மருத்துவமனையாகக் கட்டியது. போரின்போது நாஜி ஜெர்மனியின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ, அப்புறம் ஹோஜாவின் ரகசியப் போலீஸான சிகுரிமி. அறை அறையாக ஒட்டுக்கேட்கும் கருவிகளையும் டேப் ரெக்கார்டர்களையும் கேமராக்களையும் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஒரு குடும்பத்தின் வரவேற்பறையை அப்படியே அமைத்து, அதில் எங்கெங்கே மைக் ஒளிந்திருக்கும் என்று காட்டுகிறார்கள். பிறந்த குழந்தைகளின் அழுகை கேட்ட கட்டடத்தில் அப்புறம் நாடு முழுவதும் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சீக்கிரம் வெளியே வந்துவிடத் தோன்றியது, ஆனாலும் கடைசி அறைவரை பார்த்தேன்.

இங்கே பாடுவதுகூட ஆபத்தாக இருந்த காலம் உண்டு. 1962-இல் தொடங்கிய வானொலிப் பாட்டு விழா இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. முதல் விழாவில் வென்றவர் வாச்சே ஸேலா. அந்தக் குரலைக் கேட்டு வளராத அல்பேனியர் இல்லை. 1972 டிசம்பரில் நடந்த பதினோராவது விழாவில் மேடை அலங்காரமும் உடையும் இசையும் கொஞ்சம் புதுமையாக இருந்தன. மேற்கத்திய நச்சு புகுந்துவிட்டது என்று ஹோஜா கொதித்தார். வானொலி, தொலைக்காட்சித் தலைவர் தோதி லுபோன்யாவையும் விழா இயக்குநர் மிஹால் லுவாராசியையும் சிறைக்கு அனுப்பினார்கள். லுபோன்யாவின் மகன் ஃபாத்தோஸ் 1974-இல் கைதாகி 17 ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1991-இல் வெளியே வந்து, எந்தக் கட்சி ஆண்டாலும் கேள்வி கேட்கிற எழுத்தாளராக மாறினார்.

இன்றைய பிரதமர் எடி ராமாவைப் பற்றியும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆறரை அடி உயரம். இளமையில் தேசிய கூடைப்பந்து அணியில் ஆடியவர், பிறகு ஓவியர், பாரிஸில் வாழ்ந்தவர், 2000 முதல் 2011 வரை டிரானா மேயர், 2013 முதல் பிரதமர். மேயராக வந்தவுடன் சாம்பல் நிறத்தில் இடிந்து நின்ற அடுக்குமாடிகளுக்கு ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று வண்ணம் அடிக்கச் சொன்னார். பணம் இல்லாத நகராட்சி, பெயின்ட் டப்பாவோடு தொடங்கியது. இன்றும் நிறைய கட்டடங்களில் அந்தக் கோடுகளும் கட்டங்களும் தெரிகின்றன, வெயிலில் கொஞ்சம் வெளுத்து. இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 2020 மே மாதம், கலைஞர்கள் பல மாதம் காவல் காத்து நின்ற பழைய தேசிய நாடக அரங்கத்தை விடியுமுன் இடித்துத் தள்ளியதும் அவருடைய ஆட்சியில்தான். ஓவியர் ஒருவர் ஆளும்போது அது நடந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாலை தேசிய மைதானத்துக்குப் போனேன். சிவப்பும் கறுப்புமாக ஜொலிக்கும் புதிய அரங்கம், 2019-இல் திறந்தது. இதே இடத்தில் இருந்த பழைய கெமால் ஸ்தாஃபா மைதானத்தில் 1967 டிசம்பர் 17 அன்று ஒரு அதிசயம் நடந்தது. ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்று. மேற்கு ஜெர்மனி வென்றால் அடுத்த சுற்று. முதல் ஆட்டத்தில் டார்ட்மண்டில் அல்பேனியாவை 6-0 என்று நொறுக்கிய அணி அது. டிரானாவில் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் 0-0 என்று திரும்பிப் போனது, போட்டியிலிருந்தே வெளியேறியது. ஜெர்மனி அதற்குப் பிறகு எந்த ஐரோப்பியக் கோப்பைக்கும் தகுதி பெறத் தவறியதில்லை.

அந்தத் தலைமுறையின் நட்சத்திரம் பனயோத் பானோ. வெளிநாட்டுக் கழகங்களில் ஆடியிருந்தால் அவர் பெயர் எங்கெங்கோ ஒலித்திருக்கும். எல்லையை மூடிய நாட்டில் பிறந்ததால் உள்ளூர் லீக்கோடு நின்றுவிட்டார். 2003-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் ஒவ்வொரு நாட்டிலும் ஐம்பதாண்டில் தலைசிறந்த வீரர் யார் என்று கேட்டபோது அல்பேனியா சொன்ன பெயர் பானோ.

செவ்வாய், க்ருயா

டிரானாவிலிருந்து மினி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மலைச் சரிவில் கோட்டை, அதன் கீழே கல் பாவிய பழைய கடைத்தெரு. கம்பளம், செம்புப் பாத்திரம், வெள்ளைத் தொப்பி.

ஸ்கந்தர்பெக்கின் இயற்பெயர் ஜெர்ஜ் கஸ்த்ரியோதி. 1405-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒட்டோமான் சுல்தானிடம் பிணையாகப் போய், அங்கேயே வளர்ந்து, படைத்தலைவராகி, 1443-இல் ஒரு போரின் நடுவே தன் ஆட்களோடு பிரிந்து வந்து க்ருயாவைப் பிடித்தார். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று இரட்டைத் தலைக் கழுகுக் கொடியை ஏற்றினார் என்பது வரலாறு. 25 ஆண்டு சுல்தான்களின் படைகளைத் தடுத்து நின்றார். 1450-இல் இரண்டாம் முராத், 1466-இலும் 1467-இலும் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மதே நேரில் வந்தும் இந்தக் கோட்டை விழவில்லை. 1468 ஜனவரியில் லெஷா என்ற ஊரில் காய்ச்சலில் இறந்தார். பத்தாண்டு கழித்து க்ருயா விழுந்தது. லெஷாவைப் பிடித்த ஒட்டோமான் வீரர்கள் கல்லறையைத் திறந்து, அந்த எலும்புத் துண்டுகளைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. எதிரியின் எலும்பைத் தாயத்தாகக் கட்டிக்கொள்வது எப்பேர்ப்பட்ட மரியாதை!

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் 1982-இல் கட்டியது. வடிவமைத்தவர்களில் மறுபடியும் ப்ரன்வேரா ஹோஜா. உள்ளே எல்லாம் பிரம்மாண்டம், கல்லில் வீரர்கள், சுவரளவு ஓவியங்கள். ஆட்டுத்தலை பொருத்திய அவருடைய புகழ்பெற்ற தலைக்கவசமும் வாளும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன, ஆனால் அவை நகல்கள். அசல் வியன்னாவில். உலகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்ட ஹோஜாவுக்கு, பேரரசை எதிர்த்துத் தனியாக நின்ற ஸ்கந்தர்பெக் ரொம்ப வசதியான முன்னோர். நூற்றாண்டுகளாக மக்கள் நெஞ்சில் இருந்தவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஹோஜா விழுந்தபோதும் குதிரைவீரருக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன், வ்லோரா

கடற்கரை ஊர். 1912 நவம்பர் 28 அன்று இஸ்மாயில் கெமாலி இங்கேதான் சுதந்திரக் கொடியை ஏற்றினார். ஸ்கந்தர்பெக் க்ருயாவில் ஏற்றிய அதே தேதி. கெமாலி இதே ஊர்க்காரர். ஒட்டோமான் நிர்வாகத்தில் ஆளுநராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, எழுபதை நெருங்கும் வயதில் புதிய நாட்டை அறிவித்தார். கொடியைத் தைத்தவர் மரிகோ போஸியோ என்ற பெண். முதல் அரசாங்கம் நடந்த வீடு துறைமுகத்தை ஒட்டி இன்னும் இருக்கிறது. கப்பலில் வருகிறவர்களை நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தும் மருத்துவமனையாக இருந்த கட்டடம். மேசை நாற்காலி, சில ஆவணங்கள், அவ்வளவுதான். கெமாலியின் அரசு 1914 ஜனவரியோடு முடிந்தது. 1919-இல் இத்தாலியில் இறந்தார். உடலை வ்லோராவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கொடிச் சதுக்கத்தில் 17 மீட்டர் உயர நினைவுச் சின்னம் 1972-இல் நிறுவியது. செதுக்கிய மூவரில் ஒருவர் கிறிஸ்தாச் ராமா, பிரதமர் எடி ராமாவின் தந்தை. டிரானாவில் தியாகிகள் மயானத்தின் மேலே நிற்கும் 'தாய் அல்பேனியா' சிலையும் இதே மூவர் கைவண்ணம். அந்தச் சிலையின் காலடியில்தான் 1985-இல் ஹோஜாவைப் புதைத்தார்கள். 1992-இல் தோண்டியெடுத்து ஊருக்கு வெளியே சாதாரணப் பொது மயானத்துக்கு மாற்றினார்கள். 1939-இல் முசோலினியின் படை நுழைந்தபோது ஓடிப்போய், 1961-இல் பிரான்ஸில் இறந்த ஸோக் மன்னரின் உடலோ 2012-இல் அரசு மரியாதையோடு டிரானாவுக்குத் திரும்பியது.

ஸோக்கை நினைத்தால் ஃபான் நோலியையும் நினைக்க வேண்டும். ஹார்வர்டில் படித்தவர், அமெரிக்காவில் அல்பேனிய ஆர்த்தடாக்ஸ் சபையை உருவாக்கிய பேராயர், ஷேக்ஸ்பியரையும் உமர் கய்யாமையும் அல்பேனியத்தில் தந்தவர், பீத்தோவனைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1924-இல் ஆறே மாதம் பிரதமர். நிலச் சீர்திருத்தம் என்று பேசினார். அந்த டிசம்பரில் ஸோக் படையோடு வந்து விரட்டினார். நோலி 1965-இல் அமெரிக்காவில் இறந்தார். அவருக்கு இன்னும் நான்கு ஆண்டு கிடைத்திருந்தால் இந்த நாடு வேறு மாதிரி போயிருக்குமோ என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

வியாழன், ஜிரோகாஸ்தர்

வழியில் தெபெலேனா. 1809-இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்து, இந்தப் பக்கத்தை ஆண்ட அலி பாஷாவின் விருந்தாளியாகத் தங்கிய ஊர். அதே ஊரில் 1949 முதல் 1954 வரை ஹோஜா அரசு நடத்திய முகாமில் குழந்தைகளும் இறந்தார்கள். பஸ் நின்றது பத்து நிமிடம்தான்.

ஜிரோகாஸ்தர் கல்லால் ஆன ஊர். வீட்டுச் சுவர் கல், கூரை கல், தெரு கல். தெருக்கள் செங்குத்து. மழை பெய்திருந்ததால் கூரைக் கற்கள் ஈயம் போலப் பளபளத்தன. 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கோட்டைக்குள், 1957-இல் அல்பேனியாவில் தரையிறங்கிய அமெரிக்க விமானப்படையின் ஜெட் விமானம் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது.

என்வர் ஹோஜா இந்த ஊரில் 1908-இல் பிறந்தார். இஸ்மாயில் கதாரே 1936-இல் பிறந்தார். இரண்டு வீடுகளுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஹோஜா பிறந்த வீடு எரிந்துபோனது. அந்த இடத்தில் 1966-இல் பழைய பாணியில் பெரிய வீடு ஒன்றைக் கட்டினார்கள். இன்று அது நாட்டார் அருங்காட்சியகம். தொட்டில், தறி, கம்பளம், சமையலறைப் பாத்திரம். ஹோஜாவைப் பற்றி அங்கே பெரிதாக எதுவும் இல்லை. கதாரே வீடும் 1999-இல் எரிந்து, அப்புறம் மீட்டெடுத்தது. 'பைத்தியக்காரர் சந்து' என்று அந்தத் தெருவுக்குப் பெயர். கீழே மழைநீர்த் தொட்டி, மேலே மர விதானம் போட்ட அறைகள், ஜன்னல் திறந்தால் பள்ளத்தாக்கு. போர்க்காலத்தில் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்த ஊரை அந்தச் சிறுவன் இந்த ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான்.

கதாரே 2005-இல் சர்வதேச மேன் புக்கர் பரிசைப் பெற்ற முதல் எழுத்தாளர். போரில் இறந்த தன் நாட்டு வீரர்களின் எலும்புகளைச் சேகரிக்க அல்பேனியாவுக்கு வரும் இத்தாலியத் தளபதியைப் பற்றி 1963-இல் எழுதிய நாவல் அவரை உலகுக்குக் காட்டியது. ஹோஜாவின் கீழ் அவர் எழுதினார், வெளியிட்டார், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சில படைப்புகளைத் தடை செய்தார்கள். 1990 அக்டோபரில், ஆட்சி ஆட்டம் காணும்போது, பிரான்ஸில் தஞ்சம் கேட்டார். 2024 ஜூலை 1 அன்று இறந்தார். அவர் எவ்வளவு வளைந்து கொடுத்தார், எவ்வளவு மறைமுகமாக எதிர்த்தார் என்று அல்பேனியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உருவகமும் புராணமும் பழங்கால எகிப்தும் ஒட்டோமான் அரண்மனையுமாக அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு, அவர் யாரைச் சொல்கிறார் என்பது புரிந்தே இருக்கும். சாகாமல் எழுதிக்கொண்டே இருந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் இந்த ஊரில் நான் முக்கியமாகத் தேடி வந்தது மூன்றாவது பெயரை. முசினே கொகலாரி.

1917-இல் துருக்கியின் அதானாவில் பிறந்தார். குடும்பம் ஜிரோகாஸ்தர்க் குடும்பம். சிறுமியாக இருக்கும்போது இங்கே திரும்பினார்கள். ரோமில் இலக்கியம் படித்தார். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது யாரை? டிரானா பூங்காவில் படுத்திருக்கும் நயீம் ஃப்ராஷரியை! 1941-இல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. ஜிரோகாஸ்தர் பெண்களின் வீட்டு வாழ்க்கை, அவர்களுடைய பேச்சு வழக்கிலேயே எழுதிய கதைகள். மாமியார், மருமகள், கல்யாணம், முற்றம், பாட்டி சொன்னது என்று கல்வீட்டுக்குள் நடப்பதெல்லாம் எழுத்தில் வந்தது. அல்பேனியாவில் புத்தகம் வெளியிட்ட முதல் பெண் எழுத்தாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். அப்போது வயது 24.

கதை எழுதியதோடு நிற்கவில்லை. 1943-இல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 1944 நவம்பரில், கம்யூனிஸ்டுகள் டிரானாவைப் பிடித்தபோது, அவருடைய இரண்டு அண்ணன்களை விசாரணை இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் வாயை மூடவில்லை. தேர்தல் நியாயமாக நடக்க வேண்டும் என்று நேச நாடுகளுக்கு மனுக் கொடுத்தவர்களோடு நின்றார். 1946-இல் கைது, பகிரங்க விசாரணை. அந்த விசாரணையில் எடுத்த புகைப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தலையில் கறுப்புத் துணி, இறந்த அண்ணன்களுக்கான துக்கம். முன்னே மைக். முகத்தில் பயம் இல்லை. நாட்டை நேசிக்கக் கம்யூனிஸ்டாக இருக்க வேண்டியதில்லை, நான் குற்றவாளி இல்லை என்ற பொருள்படப் பேசினார். 20 ஆண்டு சிறை விதித்தார்கள். புர்ரெல் சிறை, நாட்டிலேயே கொடுமையானது. வெளியே வந்ததும் வீட்டுக்குப் போக விடவில்லை. ர்ரேஷன் என்ற சின்ன ஊருக்கு நாடு கடத்துவதுபோல அனுப்பி, கட்டுமான வேலையும் துப்புரவு வேலையும் செய்ய வைத்தார்கள். எழுதக் கூடாது. புற்றுநோய் வந்தபோது உரிய சிகிச்சையும் கிடைக்கவில்லை. 1983-இல் தனியாக இறந்தார். ஐந்து ஆண்டு கழித்து டிரானாவின் நடுவில் ஹோஜாவுக்குப் பெரிய சிலை எழுந்தது.

ஒரே ஊர், ஒன்பது ஆண்டு வித்தியாசம். ஒருவர் நாட்டையே சிறையாக்கினார், இன்னொருவர் அந்தச் சிறையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டு அடைபட்டார். கதாரேவைப் படிக்கிற ஒவ்வொருவரும் முசினேயையும் தேட வேண்டும் என்று விரும்புகிறேன். கடைத்தெருவில் காந்தமும் தொப்பியும் விற்கிற இடங்களில் ஹோஜா முகம் போட்ட கோப்பைகளைப் பார்த்தேன். முசினே முகம் எதிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

இரவு சாப்பாடு கிஃப்கி. சோற்றோடு முட்டையும் புதினாவும் சேர்த்து, குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஒரு பாத்திரத்தில் சுடுவது. இந்த ஊரில் மட்டும் செய்வார்களாம். சைவக்காரர்கள் கேட்டு வாங்கலாம், முட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, மறுபடி டிரானா

பகல் முழுதும் பஸ். மாலையில் அன்னை தெரசா சதுக்கம்.

அன்னை பிறந்தது 1910-இல் ஸ்கோப்யேவில், இன்றைய வட மாசிடோனியாவின் தலைநகரம். அல்பேனியக் குடும்பம், ஆன்யெஸ் கோன்ஜே போயாஜியு என்று பெயர். 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் அம்மாவை மறுபடி பார்க்கவே இல்லை. அம்மாவும் அக்காவும் டிரானாவில் குடியேறினார்கள். எல்லை மூடியது. உலகத் தலைவர்கள் பலர் மூலம் கேட்டும் ஹோஜா அரசு இவரை உள்ளே விடவும் இல்லை, அவர்களை வெளியே விடவும் இல்லை. அம்மா 1972-இல் இறந்தார், கொஞ்ச காலத்தில் அக்காவும் போய்விட்டார். கொல்கத்தாவில் யாரென்றே தெரியாத ஆயிரம் பேரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்குத் தன் தாயின் பக்கத்தில் இருக்க முடியவில்லை. 1989 ஆகஸ்டில்தான் டிரானாவுக்கு வர முடிந்தது. அந்த இரண்டு சமாதிகளையும் பார்த்தார்.

இன்று விமான நிலையம், பெரிய மருத்துவமனை, இந்தச் சதுக்கம் எல்லாவற்றுக்கும் அவர் பெயர். 2009-இல் அல்பேனியப் பிரதமர் சலி பெரிஷா, அன்னையின் உடலைத் தங்கள் நாட்டுக்குத் தர வேண்டும் என்று கேட்கப்போவதாகச் சொன்னார். அன்னை இந்தியக் குடிமகள், தன் சொந்த நாட்டில்தான் உறங்குகிறார் என்று இந்தியா பதில் சொல்லிவிட்டது. சரியான பதில் என்றே நான் நினைக்கிறேன்.

சனி, ஷ்கோதர்

வடக்கே, ஏரிக்கரை ஊர். சைக்கிள்கள் நிறைந்த தட்டையான தெருக்கள். கத்தோலிக்கப் பண்பாட்டின் மையம். 1967-இல் இங்கிருந்த பேராலயத்தை விளையாட்டு அரங்கமாக்கிவிட்டார்கள், பீடம் இருந்த இடத்தில் பந்து ஆடினார்கள். எர்னெஸ்ட் சிமோனி என்ற பாதிரியாரை 1963 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கைது செய்து, பல்லாண்டு சுரங்கத்திலும் சாக்கடையிலும் வேலை வாங்கினார்கள். 2016-இல் அவரைப் போப் கர்தினால் ஆக்கினார்.

ஜெர்ஜ் ஃபிஷ்தா இந்தப் பக்கத்துப் பிரான்சிஸ்கன் துறவி. 1919-இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போன அல்பேனியக் குழுவில் இருந்தவர், நாடாளுமன்றத்திலும் இருந்தவர். மலைநாட்டு வீரர்களைப் பற்றிய பெருங்காப்பியம் அவருடையது. 1940-இல் இறந்தார். அடுத்த ஆட்சியில் அவருடைய புத்தகம் வீட்டில் இருந்தாலே குற்றம். கல்லறையை உடைத்து எலும்புகளை ஆற்றில் வீசினார்கள் என்கிறார்கள். பழைய புத்தகக் கடை நடத்தும் ஒரு பெரியவர், அவருடைய அப்பா அந்தக் காப்பியத்தின் நீண்ட பகுதிகளை மனப்பாடமாக வைத்திருந்தார், சமையலறையில் தாழ்ந்த குரலில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார் என்றார். எட்டசை வரிகள், நினைவில் நிற்கக் கூடியவை. அவரும் எனக்காக நாலு வரி சொன்னார், மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே.

மரூபி புகைப்பட அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. 1850-களில் இத்தாலியிலிருந்து ஓடிவந்த பியெத்ரோ மரூபி இங்கே ஸ்டூடியோ வைத்தார். அவரிடம் வேலை கற்ற கெல் அதே குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார், அப்புறம் கெல்லின் மகன் கெகெ. ஐந்து லட்சம் நெகடிவ்கள் சேர்ந்திருக்கின்றன. துப்பாக்கி ஏந்திய மலையினத் தலைவர்கள், மணப்பெண்கள், பிச்சைக்காரர்கள், ஸோக் குடும்பம், கொடியேற்றிய தலைவர்கள் எல்லாரும் ஒரே திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

மாலை கால்பந்து மைதானம். பெயர் லோரோ போரிச்சி. 1922-இல் இந்த ஊரில் பிறந்தார், போர்க்காலத்தில் ரோமின் லாசியோ கழகத்துக்கு ஆடினார், 1946-இல் டிரானாவில் நடந்த பால்கன் கோப்பையை அல்பேனியா வென்றபோது அணியில் இருந்தார். 1967-இல் மேற்கு ஜெர்மனியை 0-0 என்று தடுத்த அன்று பயிற்சியாளராக ஓரத்தில் நின்றவரும் இவர்தான். அல்பேனியா ஒரு பெரிய போட்டியின் பிரதானச் சுற்றில் ஆட 2016 வரை ஆனது. அந்த ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஆடியபோது அந்தப் பக்கம் கிரனித் ஜாகா, இந்தப் பக்கம் அவருடைய அண்ணன் தவுலந்த் ஜாகா. அவர்களுடைய அம்மா இரண்டு சட்டையையும் பாதி பாதியாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ருமேனியாவுக்கு எதிராக அர்மாந்தோ சாதிக்கு தலையால் முட்டிப் போட்டது அப்படிப்பட்ட பெரிய போட்டியில் நாட்டின் முதல் கோல். 2024-இல் இத்தாலிக்கு எதிராக நெதிம் பைராமி 23-ஆவது வினாடியில் போட்டது ஐரோப்பியக் கோப்பை வரலாற்றிலேயே வேகமான கோல். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் இரண்டு வெண்கலம், அல்பேனியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கங்கள்.

மைதான வாசலில் டீக்கடை நடத்துகிறவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 2016 கோலை விவரித்தபோது கோப்பையைப் பந்தாக்கி மேசையில் நகர்த்திக் காட்டினார், கோல்கீப்பர் எங்கே வந்து தவறவிட்டார் என்பது உட்பட. நாளை காலை இங்கிருந்து மான்டினீக்ரோ எல்லைக்குப் பஸ். அடுத்த முறை வரும்போது முதலில் ர்ரேஷனுக்குப் போவேன்.